திரையேடுகளும் பதிப்பு நெறியும்

ஓலைச்சுவடிக்கும் வாழ்நாள் உண்டு. செல்லரித்தும், இராமபாணப்பூச்சி துளைத்தும், ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் மறைந்த நூல்கள் எத்தனையோ! எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடி எடுத்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம் பிள்ளையையும் உ. வே. சாமிநாதையரையும் தமிழாசிரியர் எவரும் மறவார். அப்பெருமக்கள் நூல்களைக் காத்ததோடு நின்றவரல்லர். ஏட்டிலிருந்து தாளுக்கு ஒரு நூலை மாற்றும்போது கடைப்பிடிக்க வேண்டிய நெறி ஒன்றையும் நமக்கு விட்டுச் சென்றனர். ஆசிரியன் எழுதியது எதுவோ அதனைக் கண்டு தருவது பதிப்பாசிரியன் கடன்; அதனினும் சிறந்ததொன்றைத் தானே எழுதிச் சேர்ப்பது அவன் கடனன்று என்பதே அந்நெறி.

இன்று வேறொரு வகை ஏடு அழிந்துகொண்டிருக்கிறது. அது படச்சுருள். சென்ற நூற்றாண்டில் திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்கள் பலவற்றையும் அச்சுருளில்தான் எடுத்தனர். அவற்றை இப்பொழுது ‘எச்.டி.’ எனப்படும் உயர்தெளிவுப் படங்களாக மாற்றி வெளியிடுகின்றனர். ஓலை தாளாகிய காலத்தில் எழுந்த வினாக்கள் அனைத்தும் சுருள் எண்ணாகும் இக்காலத்திலும் எழுகின்றன. ஆயினும் அன்று இருந்த நெறி இன்று எல்லாரிடத்தும் இருக்கிறதா? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திடலில் கட்டிய வெண்துணி

திரைப்படத்தை ஏடு என்று கூறுவது மிகையன்றோ எனச் சிலர் வினவலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய தோட்டங்களை அறிந்தவர் அவ்வாறு வினவார். சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு வெண்துணி கட்டுவர். லயத்து மக்கள் பாயும் சாக்கும் கொண்டுவந்து விரித்து அமர்வர். துணியின் பின்புறத்தே அமர்ந்து, இடம் வலமாக மாறிய படத்தைப் பார்த்தவரும் உண்டு. நகரத்தில் பிரிக்பீல்ட்ஸ் லிடோவும், பத்து ரோட்டுக் கொலிசியமும் தமிழ்ப் படங்களுக்கு இடம் தந்தன. வில்லிபுத்தூரார் பாரதத்தை ஓதுவிக்கக் கேட்கும் வாய்ப்பில்லாத பால்மரத் தொழிலாளர்க்குக் கர்ணனின் கொடையை அறிவித்தது அந்த வெண்துணிதான். அவர்களுக்கு அதுவே புத்தகம். அதுவே புராணப் பிரசங்கம்.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. இந்நாட்டில் 1963 டிசம்பர் 28 அன்று கருப்பு வெள்ளையில் தொடங்கிய ஒளிபரப்பு, 1978-இல் வண்ணமாயிற்று. 2019 அக்டோபர் இறுதியில் பழைய முறை ஒளிபரப்பு முற்றும் நிறுத்தப்பட்டு எண்முறை ஒளிபரப்பே நிலைத்தது. இரப்பர்த் தோட்டமாயிருந்த நிலத்தில் ஷா ஆலாம் போன்ற நகரங்கள் எழுந்தன, லயம் அடுக்குமாடியாயிற்று, மூன்றடிக்கு நான்கடியாக இருந்த திரை ஒன்பதுக்குப் பதினாறாக அகன்றது.

இந்த அகலந்தான் தொல்லையின் தொடக்கம். கிள்ளானில் ஒரு வீட்டில் மாலையில் பழைய படம் ஓடுகிறது. பாட்டியார் தம் இளமையில் கண்ட படம். பேரனோடு அமர்ந்து பார்க்கிறார். திரை நிறையவேண்டும் என்பதற்காக யாரோ படத்தை இருபுறமும் இழுத்துவிட்டிருக்கின்றனர். பத்மினியின் முகம் பூசணிக்காய் போல் அகன்றிருக்கிறது. வட்டமாக உருளவேண்டிய தேர்ச்சக்கரம் முட்டை வடிவில் உருள்கிறது. பேரன் சிரிக்கிறான். பாட்டியார்க்கு அச்சிரிப்பின் காரணம் விளங்கவில்லை. அவர் நினைவில் உள்ள முகம் வேறு. அவன் கண்ட முகம் வேறு. ஒரு தலைமுறையின் இலக்கியம் மறு தலைமுறைக்கு நகைப்பொருளாவது இவ்வாறுதான்.

சுருளில் உறையும் தெளிவு

பழைய படத்தை உயர்தெளிவாக்க முடியுமா, அஃது எங்ஙனம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். நம் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் ஒரு படம் 625 கோடுகளால் ஆயது. அவற்றுள் கண்ணுக்குப் புலனாவன 576. உயர்தெளிவுத் திரையிலோ 1080 கோடுகள். ‘35 மில்லிமீட்டர்’ படச்சுருளில் ஒளி பதிக்கும் நுண்மை அதனினும் மிகுதி. ஆகவே சுருளில் எடுத்த காட்சியில், பழைய பெட்டி நமக்கு என்றும் காட்டாத தெளிவு, எடுத்த நாள் தொட்டே உறங்கிக்கொண்டிருக்கிறது. வருடி என்னும் கருவி சுருளை ஒவ்வொரு படமாக ஒளிவிட்டு எண்ணாக மாற்றும்போது அத்தெளிவு விழித்தெழுகிறது. நொடிக்கு 24 படம் வீதம், மூன்று மணி நேரப் படம் ஒன்றில் 2,59,200 படங்கள் உள. அத்தனையையும் தூசி நீக்கி, கீறல் நீக்கி, நிறம் சீராக்கித் தருவது எளிய பணியன்று.

இதனால் விந்தையொன்று விளைகிறது. அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ என்னும் நகைச்சுவைத் தொடரை மூன்று படக்கருவிகள் கொண்டு 35 மில்லிமீட்டர் சுருளில் எடுத்தனர். ஒளிப்பதிவுக்குத் தலைமை தாங்கியவர், ‘மெட்ரோபாலிஸ்’ என்னும் புகழ்பெற்ற ஜெர்மானிய மௌனப் படத்தை ஒளிப்பதிவு செய்த கார்ல் பிராயிண்ட். எழுபது ஆண்டு கடந்தும் அத்தொடர் பளிங்கு போல் தோன்றுகிறது. ஆனால் 1970, 80-ஆம் ஆண்டுகளில் ஒளிநாடாவில் பதிந்த நாடகங்கள் மங்கியே கிடக்கின்றன. ஏன்? நாடாவில் பதிந்தது அந்தக் கோடுகள் மட்டுமே. அதற்கு அப்பால் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. மூத்தது தெளிவாகவும் இளையது மங்கலாகவும் இருக்கும் இம்முறைமாற்றத்தை அறியாதார், ‘பழையதெல்லாம் மங்கல்’ என்று எண்ணிவிடுவர். கல்வெட்டு நிலைத்து நிற்க, நேற்று எழுதிய சுண்ணக்கட்டி எழுத்து அழிவதில்லையா? எழுதிய காலத்தை மட்டும் பார்த்தால் போதாது. எதன்மேல் எழுதினர் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

நல்ல பதிப்புக்கு ஒரு சான்று

சுருளில் எடுத்து நாடாவில் தொகுத்த தொடர்களும் உண்டு. 1987 முதல் 1994 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ அத்தகையது. காட்சிகளை 35 மில்லிமீட்டர் சுருளில் எடுத்தபின், அவற்றை நாடாவுக்கு மாற்றி, நாடாவிலேயே வெட்டி ஒட்டி, விண்கலக் காட்சிகளையும் நாடாவிலேயே இணைத்தனர். எனவே முழுத்தொடர் தெளிவு குறைந்த நாடாவில் மட்டுமே இருந்தது. அதனை உயர்தெளிவாக்க முனைந்தோர் பெட்டி பெட்டியாகக் கிடந்த மூலச் சுருள்களை எடுத்து, பழைய நாடாவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, ஏழு ஆண்டுத் தொடரையும் வெட்டு வெட்டாக மீண்டும் தொகுத்தனர். 2012 தொடங்கி 2014 வரை அது வட்டுகளாக வெளிவந்தது. திரை அகன்ற காலமாயிருந்தும், எடுத்தபோது இருந்த நான்குக்கு மூன்று என்னும் அளவை அவர்கள் மாற்றவில்லை. இருபுறமும் கருமை நிற்கட்டும், படம் முழுமையாக இருக்கட்டும் என்று துணிந்தனர்.

இதனைக் காணும் தமிழாசிரியர்க்குக் குறிஞ்சிப்பாட்டு நினைவுக்கு வரும். தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர் அடுக்கிய பகுதியில், கிடைத்த ஏடுகளில் சில மலர்கள் உதிர்ந்திருந்தன. ஐயரவர்கள் தாமே சில பூக்களைக் கோத்து இட்டு நிரப்பவில்லை. தருமபுர ஆதீனத்து ஏட்டில் அப்பகுதியைக் கண்டெடுத்த பின்னரே 1889-இல் பத்துப்பாட்டை வெளியிட்டார். கிடையாத இடத்தில் என் செய்தார்? புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் இல்லை. சிதைந்த அடிகள் பல. 1894-இல் வந்த பதிப்பில் சிதைவைச் சிதைவாகவே புள்ளியிட்டுக் காட்டினார். அப்புள்ளிகள் நாணயத்தின் முத்திரைகள்.

அதே தொடரின் மூத்த பகுதி 1966 முதல் 1969 வரை வந்தது. அதனைப் புதுப்பித்தோர் 2006-இல் பழைய விண்கலக் காட்சிகளை நீக்கிக் கணினியால் புதியன ஆக்கி வைத்தனர். இது நெறி பிறழ்ந்த செயலே. ஆயினும் பின்னர் வட்டாக வெளியிட்டபோது, பழைய காட்சி வேண்டுவோர் பழையதையும், புதியது வேண்டுவோர் புதியதையும் தெரிந்துகொள்ள வழி செய்தனர். இது பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவதை ஒக்கும். தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, தள்ளிய பாடத்தைக் கீழே மறைக்காது காட்டும் பதிப்பாசிரியரை நாம் குறைகூறுவதில்லை. மூலத்தை மறைத்தவரையே குறைகூறுகிறோம்.

கால்பங்கு போன கணக்கு

எல்லாரும் இங்ஙனம் செய்யவில்லை. நான்குக்கு மூன்று அளவிலான படத்தை அகன்ற திரை முழுவதும் நிறைக்க வேண்டுமாயின் இரண்டே வழிகள் உள. ஒன்று இழுப்பது; அதன் கேட்டை மேலே கண்டோம். மற்றொன்று வெட்டுவது. கணக்கு எளிது. பதினாறு அங்குல அகலமும் பன்னிரண்டு அங்குல உயரமும் உள்ள பழைய படத்தை, அகலம் பதினாறு, உயரம் ஒன்பது உள்ள சட்டகத்தில் பொருத்துக. மூன்று அங்குலம் வெளியே நிற்கும். அதாவது படத்தில் சரியாகக் கால்பங்கு போயிற்று. நான்கு அடி கொண்ட பாட்டில் ஓரடியை நீக்கிவிட்டு, ‘எழுத்து முன்னையினும் தெளிவாக இருக்கிறது’ என்று கூறுவது போன்றது இது.

‘சைன்பெல்ட்’ என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரை அகன்ற திரைக்காக இவ்வாறு வெட்டினர். 1997-இல் வந்த ஒரு பகுதியின் தலைப்பே ‘சாலைக்குழி’ என்பது. 2021-இல் இணையவழி வெளிவந்த வடிவில், கதைமாந்தர் குனிந்து பார்த்துப் பேசும் அக்குழி சட்டகத்துக்குக் கீழே போய்விட்டது! பேச்சு இருக்கிறது, பேசப்பட்ட பொருள் இல்லை. ‘பஃபி’ என்னும் தொடரில் நிகழ்ந்தது வேறு வகை. சுருளின் ஓரங்களில் எவரும் காணவேண்டாதன சில பதிந்திருக்கும். 2014-இல் வெளியான உயர்தெளிவு வடிவில் படத்தை அகலப்படுத்தியபோது படப்பிடிப்பாளரும் கருவிகளும் ஓரத்தில் தலைகாட்டினர். பகலில் எடுத்து நிறம் மாற்றி இரவாக்கிய காட்சிகள், நிறம் சேர்க்க மறந்தமையால் மீண்டும் பகலாயின. இரவில் மட்டும் உலவும் பேய்கள் பட்டப்பகலில் உலவலாயின.

‘தி வயர்’ என்னும் தொடரை 2014-இல் அகலப்படுத்தியபோது அதனைப் படைத்த டேவிட் சைமன் உடனிருந்து மேற்பார்த்தார். சில காட்சிகள் அகலத்தால் சிறந்தன, சில காட்சிகள் செறிவிழந்தன என்று அவரே ஒளியாது எழுதினார். படைத்தவர் உயிரோடிருந்து கேட்கப்பட்டது அத்தொடரின் நற்பேறு. படைத்தவர் மறைந்த படங்களின் கதி என்ன? அங்கேதான் பதிப்பாசிரியனின் மனச்சான்று ஒன்றே காவல்.

கர்ணன்: ஒரு மதிப்பீடு

தமிழுக்கு வருவோம். பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ 1964 பொங்கல் நாளில் வெளிவந்தது. சிவாஜி கணேசன் கர்ணனாகவும் என். டி. ராமராவ் கண்ணனாகவும் நடித்த அவ்வண்ணப் படம், 48 ஆண்டுகளுக்குப் பின், 2012 மார்ச் 16 அன்று எண்முறையில் புதுப்பிக்கப்பெற்று மீண்டும் அரங்கேறியது. சென்னையில் 100 நாட்களைக் கடந்து ஓடியது. தாத்தா பார்த்த படத்தைப் பெயரன் சீட்டு வாங்கிப் பார்த்தான். அவ்வெற்றியைக் கண்டபின் ‘திருவிளையாடல்’, ‘பாசமலர்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ என ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய படங்கள் புதுக்கோலம் பூண்டு வந்தன.

முதற்கண் போற்றுவதைப் போற்றுவோம். மங்கிய வண்ணம் மீண்டது. அக்காலத்து வண்ணச்சுருளில் உள்ள சாயங்கள் காலப்போக்கில் ஒருசீராக வெளிறுவதில்லை. சில சாயம் முன்னும் சில பின்னும் வெளிறுவதால் படம் முழுவதும் செம்மை படர்ந்துவிடும். அந்நோயினின்று ‘கர்ணன்’ மீண்டது பெரும்பேறு. கீறலும் தூசியும் மழைபோல் பொழிந்த பழைய படியையே கண்டு பழகியவர்க்குக் குருட்சேத்திரக் களம் புதிதாகக் கண் திறந்தது. இப்பணியைச் செய்தோர் அரசினரோ பல்கலைக்கழகத்தாரோ அல்லர். தம் பொருளை இட்டுத் துணிந்த தனியார். அவர்கள் துணியாவிடில் இன்றைய இளைஞர் அப்படத்தை அரங்கிற் கண்டிரார். அச்சுப்பிழை மலிந்த முதற்பதிப்பாயினும், ஏடு அழியுமுன் அச்சேற்றியவனை நன்றியோடு நினைப்பது தமிழ் மரபு.

நன்றி கூறியபின் குறை கூறுதலும் கடனே. புதுப்பித்த ‘கர்ணன்’ சினிமாஸ்கோப் என்னும் அகன்ற வடிவில் வெளியிடப்பெற்றது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு ஒன்பது ஆண்டு மூத்த ‘கர்ணன்’ அந்த அகலத்தில் எடுக்கப்பட்டதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டா. அக்காலத்துப் பொதுவளவு, உயரம் ஒன்றாயின் அகலம் 1.37. சினிமாஸ்கோப்பில் அகலம் 2.35. முன்னதை வெட்டிப் பின்னதாக்கினால் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பங்கு காட்சி போய்விடும். முழுதும் வெட்டாமல் சிறிது இழுத்துச் சிறிது வெட்டினாலும், போவது போகத்தான் போகும்.

போவது எது என்பதே இங்குச் சிந்திக்கத்தக்கது. வெட்டு விழுவது மேலும் கீழும். கர்ணன் கதையோ மேலும் கீழுமாக நிகழ்வது. மேலே அவனைப் பெற்ற கதிரவன். கீழே அவனைத் தாங்கிய ஆறும், இறுதியில் அவன் தேர்க்காலை விழுங்கிய மண்ணும். தலையில் துரியோதனன் சூட்டிய அங்கநாட்டு முடி. அம்முடியே அவன் நன்றிக்கடன். காலடியில் இரந்து நிற்போர். அவர்க்குத் தாழ்ந்து ஈயும் கை. விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே எங்கும் இடமில்லாது நின்றவன் கதையை, விண்ணையும் மண்ணையும் குறைத்துக் காட்டுவது எங்ஙனம் பொருந்தும்? அகலம் பெருகப் பெருகச் சேனை பெரிதாகத் தோன்றலாம். ஆனால் கர்ணன் கதை சேனையின் கதையன்று. தனித்து நிற்கும் ஒருவன் கதை.

நடிப்பை நோக்கினும் இதுவே. சிவாஜி கணேசன் நாடக மேடையில் வளர்ந்தவர். மேடை நடிகர்க்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை உடம்பு முழுவதும் மொழி. நடையே அவர்க்கு வசனத்தில் பாதி. அவர் நடந்துவரும் காட்சியைத் தலை முதல் கால் வரை அடங்குமாறு எடுத்த அக்கால ஒளிப்பதிவாளர், இடம் மிகுந்ததால் அவ்வாறு எடுத்தாரில்லை. நடிப்பு அவ்வளவிலும் இருந்தமையால் எடுத்தார். அதனை இடுப்போடு நிறுத்தி முகத்தைப் பெரிதாக்கினால், உரத்த குரலும் உருண்ட விழியும் மட்டும் எஞ்சும். ‘பழைய நடிகர் மிகையாக நடிப்பர்’ என்று இளையோர் கூறுகின்றனர். அம்மிகையில் ஒரு பங்கு நடிகரின் மிகையா, சட்டகத்தின் குறையா என்பது ஆராயத்தக்கது. பாட்டில் சீர்களை உதிர்த்துவிட்டு ஓசை கெட்டதென்று புலவனைப் பழித்தல் முறையாகுமா?

ஒலியிலும் ஒன்று உண்டு. ஒரே தடத்தில் பதிந்த பழைய ஒலியைப் பல திசையினின்றும் கேட்குமாறு பிரித்துப் பரப்பினர். இரைச்சலை நீக்கி விசுவநாதன்–ராமமூர்த்தி இசையைத் தெளிவாகக் கேட்கச் செய்தது மீட்பு. ஒரு திசையில் இருந்ததைப் பல திசையாக்கியது மாற்றம். மாற்றத்தை விரும்புவோர் விரும்பலாம். மூல ஒலியையும் உடன் வைத்தல் வேண்டும் என்பதே இங்குக் கூறுவது.

மெருகும் வண்ணமும்

வெட்டுதல் மட்டுமே பிழையன்று. மிகைப்பட விளக்குதலும் பிழையே. படச்சுருளில் நுண்ணிய மணற்பரல் போன்ற பொறிகள் உண்டு. படமே அப்பொறிகளால் ஆயது. அவற்றை அழுக்கென்று கருதிக் கணினியால் வழித்துவிட்டால் முகத்தின் தோலும் வழித்தெடுக்கப்படும். மெழுகுப் பொம்மை போல் நடிகர் நிற்பர். நம் முன்னோர் ஏட்டில் எழுத்து மங்கினால் கோவையிலைச் சாறும் விளக்குக்கரியும் தடவித் துடைப்பர். கீறிய எழுத்து விளங்கித் தோன்றும். ஏட்டைச் சுரண்டுவாரில்லை. சுரண்டினால் அழுக்கோடு எழுத்தும் போம்.

கருப்பு வெள்ளைக்கு வண்ணம் ஏற்றுதல் இன்னொன்று. கே. வி. ரெட்டி இயக்கிய ‘மாயா பஜார்’ 1957-இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்தது. தெலுங்குப் படத்துக்கு வண்ணமேற்றி 2010 சனவரியில் வெளியிட்டனர். மக்கள் விரும்பிக் கண்டனர். ஆனால் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி அப்படத்தை நிழலாலும் ஒளியாலும் வரைந்தார். எந்த உடை எவ்வளவு கருமையாக, எந்த அணி எவ்வளவு வெண்மையாகத் தோன்றும் என்று கணக்கிட்டே கருப்பு வெள்ளைப் படங்களில் ஒளியமைப்பர். பின்வந்தோர் ஏற்றிய வண்ணம் உரையாசிரியர் கருத்துப் போன்றது. சுவையாக இருக்கலாம், மூலமாகாது. உரையை மூலத்துள் கலந்து அச்சிட்டால் அதற்குப் பெயர் இடைச்செருகல்.

நெறி வழுவாத மீட்புக்கும் சான்று அருகிலேயே உண்டு. உதயசங்கர் சென்னை ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் உருவாக்கிய ‘கல்பனா’ 1948-இல் வந்தது. மார்ட்டின் ஸ்கார்செசி நிறுவிய உலகத் திரைப்பட நிறுவனத்தின் முயற்சியால் இத்தாலியின் பொலோனாவில் அது மீட்கப்பெற்று, 2012-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. அதே ஆண்டில்தான் ‘கர்ணன்’ அகன்ற வடிவில் வந்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது. சத்தியஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யின் மூலச்சுருள் 1993-இல் இலண்டனில் நேர்ந்த தீயில் கருகியது. கருகிய சுருளையும் எறிந்துவிடாது வைத்திருந்து, பயன்படும் பகுதியைப் பதப்படுத்தி எடுத்து, எஞ்சிய பகுதிக்குப் பிற நாடுகளில் இருந்த படிகளை ஒப்புநோக்கி, 2015-இல் முழுப்படமாக்கினர். ஐயரவர்கள் பல ஏடுகளை வைத்து ஒரு பாட்டை உருவாக்கிய முறைக்கும் இதற்கும் வேற்றுமை கருவியில் மட்டுமே உளது.

இந்நாட்டுச் சுருள்கள்

பிறநாட்டுச் செய்திகளைப் பேசுவோர் தம் வீட்டுப் பரணையும் பார்த்தல் வேண்டும். மலாய்த் திரைப்படத்தின் இளமைக்கு இந்தியர் பலர் உழைத்தனர். 1950-இல் ‘பக்தி’ என்னும் மலாய்ப் படத்தில் பி. ரம்லியைக் கதைத்தலைவராக்கி இயக்கியவர் சென்னையிற் பிறந்த எல். கிருஷ்ணன். 1957-இல் பி. என். ராவ் இயக்கிய ‘பொந்தியானாக்’ மக்களை அரங்குக்கு ஈர்த்த பேய்ப்படம். இன்று அதன் படி எங்குமில்லை. தயாரித்தவரே சுருள்களைச் சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்று கூறுவர். தமிழின் முதற் பேசும்படமான 1931-ஆம் ஆண்டுக் ‘காளிதாஸ்’ படத்தின் கதியும் அஃதே; பெயர் உண்டு, படம் இல்லை.

எஞ்சியவற்றுக்கு மதிப்பு வந்ததும் உண்டு. கேத்தே–கெரிஸ் நிறுவனத்து மலாய்ப் படங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில், ரம்லி தம் இறுதிக்காலப் படங்களை எடுத்த மெர்டேக்கா நிலையத்தின் வளாகமே இன்று தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் இருப்பிடம். மலாய்ப் படங்களுக்கு இவ்வாறு கேட்பார் உளர். இந்நாட்டுத் தமிழ் நாடகங்கள், திருமணப் படங்கள், தோட்டத்து விழாக்களை எவரோ சிறுசுருளில் எடுத்த காட்சிகள் ஆகியவற்றுக்குக் கேட்பார் யார்? நம் வெப்பமும் ஈரமும் சுருளுக்குக் கூற்றுவன். கெடத் தொடங்கிய சுருளில் காடிநாற்றம் எழும். நாற்றம் எழுந்தபின் அது சுருங்கி முறுகி உதவாது போகும். ஒளிநாடாக்களோ பூஞ்சை பூத்துக் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன. லயம் இடிந்து குடிபெயர்ந்தபோது குப்பையோடு போனவை எத்தனை என்பதை எண்ணிச் சொல்வார் இல்லை.

வேண்டும் நெறி

கண்ட சான்றுகளைத் தொகுத்து நோக்கின் நான்கு நெறிகள் பெறப்படும். ஒன்று, எடுத்த அளவிலேயே படத்தைக் காட்டுக. இருபுறமும் கருமை நிற்பது குறையன்று, அது ஏட்டின் ஓரம். இரண்டு, அழுக்கை நீக்குக, பொறியை நீக்கற்க. மூன்று, வண்ணமோ புதிய ஒலியோ சேர்த்தால் மூலத்தையும் உடன் தருக. நான்கு, எந்தச் சுருளிலிருந்து எடுத்தது, எப்பகுதி கிடைத்திலது, எதனை மாற்றினோம் என்பதைப் படத்தின் தொடக்கத்தில் எழுதிக் காட்டுக. பதிப்புரை இல்லாத நூலை நாம் ஐயுறுகிறோம். பதிப்புரை இல்லாத படத்தையும் ஐயுறுதல் தகும்.

வணிகர் இதனை ஏற்பரா எனின், கேட்பார் இருந்தால் ஏற்பர். கருமை நின்றால் ‘திரை நிறையவில்லை’ என்று முறையிடுவோர் உள்ளவரை வெட்டுவோரும் இருப்பர். எனவே திருத்தம் பார்ப்போரிடத்தில் தொடங்கவேண்டும். இதில் தமிழாசிரியர்க்குப் பங்கு உண்டு. கட்டபொம்மன் வசனத்தை மாணவர் ஒப்பிக்கும் வகுப்பில், அப்படத்தின் முழுச் சட்டகக் காட்சி ஒன்றையும் வெட்டிய காட்சி ஒன்றையும் அடுத்தடுத்துக் காட்டுக. இரண்டாவதில் காணாமற் போனவை எவை என்று எழுதச் சொல்க. முடியின் நுனி, கையின் வீச்சு, மண்ணில் ஊன்றிய கால் என்று மாணவர் ஒவ்வொன்றாக எண்ணுவர். பாடவேறுபாடு காணும் பயிற்சி அன்றே அவர்க்குக் கைவந்துவிடும். வீட்டிற் பாட்டியாரோடு அமர்ந்து படம் பார்க்கும்போது, அகன்ற முகத்தைக் கண்டு சிரிக்கமாட்டார். கருவியை எடுத்து அளவைச் சரிசெய்வார்.

ஏடு காத்தவர் நமக்குத் தந்த செல்வம் பாட்டு மட்டுமன்று. பாட்டைக் கைபடாமல் கைமாற்றும் பண்பும் ஆகும். அப்பண்பு ஓலைக்கு உரியது, சுருளுக்கு உரியதன்று என்று எவரும் வகுத்து வைக்கவில்லை. சுருள்கள் நாள்தோறும் வெளிறிக்கொண்டிருக்கின்றன. மீட்போர் மீட்கட்டும், மீட்டதை வெட்டாமல் தரட்டும்.